நாலாவது தவளைக்குக் காது கேக்கல

அருணாதேவி ஒரே அளவில் எட்டு நிறத்தில் எட்டு சோப்பு டப்பா கேட்டபோது, தேரடித் தெருக் கடைக்காரர் வீட்டில் எத்தனை பேர் என்று விசாரித்தார். அவள் ஒவ்வொரு மூடியையும் திறந்து மூடி, இறுக்கம் பார்த்து, உள்பக்கம் விரலை விட்டு அளந்துகொண்டிருந்தாள். சோப்பு வைக்க வாங்குகிறவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. விளையாட்டுச் சாமான் செய்வதற்கு என்று அவள் சொன்னதும் அவர் பேச்சை விட்டுவிட்டு, பரணிலிருந்து ஊதா நிற டப்பாவைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருடம், மாசி மாதம். சென்னையில் பொம்மை செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் அருணாதேவி ஒன்பது வருடம் வேலை பார்த்தவள். சாவி கொடுக்காமலே ஓடும் ரயிலுக்கும், வயிற்றை அழுத்தினால் பாடும் கரடிக்கும் உள்ளே இருந்த மின்சுற்றெல்லாம் அவள் போட்டதுதான். கணவன் சரவணகுமாருக்குத் திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசுக்கு மாற்றல் வந்ததும், ஆபீசுக்குப் பக்கத்திலேயே வேங்கிக்காலில் வீடு பிடித்துக் குடிவந்தார்கள். வேலையை விட்டுவிடுவதாக அவள் எழுதிய கடிதத்தை முதலாளி தசரதன் வாங்கிக்கொள்ளவில்லை. அவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். "எங்க ஊர்ப் பக்கம் போறீங்க, அங்க உக்காந்தே செய்யுங்க" என்று சொல்லி, ரொம்ப நாளாகத் தன் மனதில் இருந்த ஒரு வேலையை அவளிடம் கொடுத்தார்.

பிள்ளைகள் வெளியே போய் ஓடியாடி விளையாட ஒரு கருவி வேண்டும். ஒன்றல்ல, ஒரு கூட்டம் கருவிகள். கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், மண்ணில் வைக்கலாம், மரக்கிளையில் செருகலாம். ஒன்றுக்கொன்று கம்பியில்லாமல் பேசிக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது. மற்றதெல்லாம் அவள் பாடு.

அருணாதேவி அந்த எட்டு டப்பாவுக்குள்ளும் ஒரு சிப், ஒரு குட்டி ரேடியோ, இரண்டு பென்சில் பேட்டரி, சத்தம் போட ஒரு பஸ்ஸர் வைத்தாள். ஆட்டினால் தெரிந்துகொள்ள ஒரு சின்ன உருளை. மூடியில் ஒரு விளக்கு, பக்கத்தில் வெளிச்சத்தை உணரும் ஒரு கண். நாற்பது அடி தூரம் வரைக்கும் ஒரு டப்பா கூப்பிட்டால் இன்னொன்றுக்குக் கேட்கும். பஸ்ஸரில் இனிமையான ஒரு மெட்டு வரவழைக்க அவள் நான்கு நாள் போராடினாள். வந்தது ஒரு கரகரப்புதான். நான்காம் வகுப்பு படிக்கும் மகள் கவிநிலா அதைக் கேட்டுவிட்டு, "தவளம்மா இது" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயர் தவளை.

தவளைக்குள் ஐந்து விளையாட்டுகளை எழுதி வைத்தாள் அருணாதேவி. ஒளிந்திருக்கும் தவளையைக் கண்டுபிடிப்பது, கத்துகிற தவளையை யார் முதலில் தொடுவது, இரண்டு கட்சியாகப் பிரிந்து நிறம் பிடிப்பது என்று ஒவ்வொன்றும் யோசித்து யோசித்துச் செய்தது. ஓரத்தில் ஒரு சுவிட்ச். ஒன்றிலிருந்து ஐந்து வரை திருப்பினால் அந்தந்த விளையாட்டு. ஒவ்வொன்றுக்கும் விதிமுறையை அழகாகத் தட்டச்சு செய்து, படம் போட்டு, அட்டையில் ஒட்டினாள். முடிக்கும்போது சித்திரை பிறந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள்.

வேங்கிக்காலில் வீடுகள் புதுசு. பிள்ளைகளும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கவிநிலாவுக்கே அந்தத் தெருவில் இன்னும் ஒரு சிநேகிதி கிடைக்கவில்லை. கிரிவலம் போகும்போதெல்லாம் அருணாதேவி அடி அண்ணாமலையில் ஜோதியம்மாள் கடையில் மோர் குடிப்பாள். கடைக்குப் பின்னால் வற்றிப்போன குட்டை ஒன்று உண்டு. அங்கே எந்நேரமும் பத்துப் பிள்ளைகள் இருக்கும். அந்தக் கூச்சல் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் சாயங்காலம் நான்கு மணிக்குக் கவிநிலாவைப் பின்னால் உட்கார வைத்து, தவளைகளைக் கூடையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினாள்.

ஜோதியம்மாள் கடையை விட்டு வராமலே குரல் கொடுத்தாள். குரல் குட்டை வரைக்கும் போயிருக்க வேண்டும். பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டன. ஜோதியம்மாள் மகள் பொன்னி எல்லோருக்கும் முன்னால் நின்றாள். பத்து வயது, ஒல்லி. எதைப் பார்த்தாலும் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவள். அவள் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு அவள் சித்தப்பா மகன் சடையன்.

அருணாதேவி முதல் விளையாட்டை விளக்கினாள். விளையாடினார்கள். இரண்டாவதை விளக்கினாள். அதையும் விளையாடினார்கள், கொஞ்சம் மெதுவாக. மூன்றாவதுக்கான அட்டையை எடுப்பதற்குள் நான்கு பேர் கழன்றுகொண்டு கோலி ஆடப் போய்விட்டார்கள். மீதிப் பேர் மரியாதைக்காக நின்றார்கள். பெரியவர்கள் சலித்துப்போனால் சிரிப்பார்கள், கைக்கடிகாரம் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்கள். அருணாதேவிக்குக் காது மடல் சுட்டது.

அப்போதுதான் பொன்னி கேட்டாள். கையில் சிவப்புத் தவளை. "அக்கா, இத்த மரத்துல கட்டி, காத்துல ஆடுச்சுன்னா அந்த நீலம் கத்துற மாதிரி பண்ண முடியுமா?"

முடியும். வீட்டுக்குப் போய் லேப்டாப்பில் எழுதி, கேபிள் போட்டு ஏற்றிக்கொண்டு வந்தால் முடியும் என்றாள் அருணாதேவி. பொன்னி கொஞ்சம் யோசித்தாள்.

"அதுக்குள்ள காத்து நின்னுடும்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது கவிநிலா முதுகில் சாய்ந்துகொண்டு, ஐந்தாவது விளையாட்டு நன்றாகத்தான் இருக்கும், அவர்கள்தான் அதுவரை நிற்கவில்லை என்று சமாதானம் சொன்னாள். அன்று ராத்திரி வரைக்கும் அருணாதேவிக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. இரண்டு மாத உழைப்பு. ஆனால் அவளை அதிகம் உறுத்தியது பிள்ளைகள் கழன்றுகொண்டது அல்ல. பொன்னி கேட்டது சின்ன விஷயம். அதைச் செய்யத் தேவையான எல்லாமே அந்த டப்பாவுக்குள் ஏற்கனவே இருந்தது. அதற்குப் போகும் வழியை மட்டும் அவள் தன் மேசையில் பூட்டி வைத்திருந்தாள். விளையாட்டை அவளே விளையாடி முடித்துவிட்டு மிச்சத்தைக் கூடையில் போட்டுக் கொண்டுபோயிருக்கிறாள். இதைச் சாப்பாட்டு நேரத்தில் சரவணகுமாரிடம் சொன்னபோது, அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, அப்படியானால் பூட்டைக் கழற்றிவிடேன் என்றான். அவனுக்குச் சொல்வது சுலபம்.

பூட்டைக் கழற்றப் பதினெட்டு நாள் ஆனது. பகலில் கரண்ட் போய்ப் போய் வந்தது. சுவிட்சைப் பிடுங்கி எறிந்தாள். ஐந்து விளையாட்டுகளையும் அழித்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டன் வைத்தாள். சிவப்புத் தவளையின் வெள்ளைப் பட்டனை அழுத்தினால் அது கற்றுக்கொள்ளத் தயாராகி விளக்கைப் போடும். பிறகு அதற்கு என்ன வேண்டுமோ அதைச் செய்து காட்ட வேண்டும்: ஆட்டலாம், கையால் மூடி இருட்டாக்கலாம், வேறொரு தவளையை விட்டுக் கூப்பிட வைக்கலாம். அதன்பின் நீலத்தின் பட்டனை அழுத்தினால் நீலம் ஒரு தரம் கத்தும். பாடம் முடிந்தது. இனிமேல் சிவப்புக்கு அது நடக்கும்போதெல்லாம் நீலம் கத்தும். ஒரு தவளை நான்கு பாடம் வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். புதுசு சொல்லிக்கொடுத்தாலும் பழசு மறக்காது.

லேப்டாப் வேண்டாம், கேபிள் வேண்டாம், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டாம். கவிநிலாவை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சரவணகுமார் குளியலறைக் கதவைத் திறந்ததும் சமையலறையில் தவளை கத்தியது. சொல்லிக்கொடுத்தது யார் என்று அவள் கேட்கவில்லை. மகள் அலமாரிக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இந்தத் தடவை அடி அண்ணாமலைக்கு அட்டை எதுவும் கொண்டுபோகவில்லை. பட்டனை எப்படி அழுத்துவது என்று ஒரு தரம் செய்து காட்டிவிட்டு, கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அரைமணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து தவளைகளைக் கத்த வைத்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பிறகு பொன்னி சிவப்பை எடுத்துக்கொண்டு புளியமரத்தில் ஏறினாள். காற்று வந்தது. நீலம் கத்தியது. ஜோதியம்மாள் மோர்ப் பானையிலிருந்து தலையைத் தூக்கி, "இன்னாம்மா அது, மரம் கூப்புடுதா?" என்று கேட்டாள்.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. தினமும் சாயங்காலம் கவிநிலா தானே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பிள்ளைகள் செய்ததை அருணாதேவி ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். சடையன் ஒரு தவளையைக் குழிக்குள் புதைத்து மேலே அட்டையைப் போட்டு மூடினான். யாராவது அட்டையை மிதித்து நகர்த்தினால் வெளிச்சம் பட்டு இன்னொன்று கத்தும், மிதித்தவன் அவுட். இரண்டு பெண்கள் ஆளுக்கொன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒருத்தி குதித்தால் மற்றவளின் இடுப்பு கத்த, அதே தாளத்தில் பதில் குதித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாரும் மாங்காய் பறிக்காமல் இருக்கத் தவளைகளைக் காவல் வைத்தார்கள். பிறகு காவல் தெரிந்தவர்களே போய்ப் பறித்தார்கள். ஒன்றுகூட அவள் எழுதிய ஐந்தைப் போல இல்லை. அதில் அவளுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. நோட்டில் பன்னிரண்டாவது பக்கம் வந்தபோது வருத்தம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒருநாள் பொன்னி ஓடிவந்து ஸ்டூலுக்கு முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, நாலாவது தவளைக்குக் காது கேக்கல."

போய்ப் பார்த்தாள். குட்டையைச் சுற்றி எட்டுத் தவளைகளையும் வட்டமாக வைத்திருந்தார்கள். சிவப்பு கத்தினால் நீலம், நீலம் கத்தினால் பச்சை, பச்சை கத்தினால் மஞ்சள் என்று ஒன்றுக்கு அடுத்ததாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கடைசி ஊதா கத்தினால் மறுபடி சிவப்பு. பொன்னி சிவப்பை ஆட்டினாள். சிவப்பு, நீலம், பச்சை. அதோடு நின்றுவிட்டது. மஞ்சள் வாயைத் திறக்கவில்லை.

மஞ்சளில் கோளாறு ஒன்றும் இல்லை. இப்படி ஒரு வட்டம் வந்துவிடக் கூடாது என்று அருணாதேவிதான் முன்கூட்டியே தடுத்து வைத்திருந்தாள். சேதி மூன்று டப்பா தாண்டினால் செத்துவிடும். இல்லாவிட்டால் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், நிற்கவே நிற்காது. வேலை தெரிந்த யாரும் அதை அனுமதிக்க மாட்டார்கள். இதை அவள் பொன்னிக்குப் புரியும்படி பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

பொன்னிக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் அவள் முகம் சுருங்கியது.

"நிக்கலன்னா இன்னாக்கா? நாங்கதான் கூடவே ஓடப் போறமே."

அருணாதேவி பேட்டரி தீர்ந்துபோகும் என்றாள். அப்படியானால் யாராவது அதைப் பிடித்து நிறுத்திவிட்டால் போச்சு என்றாள் பொன்னி. எப்படிப் பிடிப்பாய் என்று இவள் கேட்டாள். பக்கத்தில் நின்ற கவிநிலா, பேச்சில் தலையிடலாமா என்று பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "கண்ணை மூடிட்டா தூங்கிடணும்மா. சத்தம் வர்றதுக்கு முன்னாடி ஓடிப்போய்க் கையால மூடிட்டா, அது அடுத்ததைக் கூப்பிடக் கூடாது."

இரண்டு பெண்களும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அருணாதேவியை யாரும் பார்க்கவில்லை. அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து எழுதிவிட வேண்டும் போல இருந்தது. சத்தத்துக்கு முன்னால் ஓட வேண்டும் என்றால், ஒரு தவளை கத்துவதற்கும் அடுத்தது கத்துவதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும்? பிள்ளைகளை ஓட விட்டு, ஒரு தவளையிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொண்டாள். மூன்று டப்பாத் தடையை மறுநாளே எடுத்து, கண்ணை மூடினால் தவளை தூங்கும்படியும் எழுதினாள். ஒன்பது வருட வேலையில் அவள் தெரிந்தே ஒரு முடிவில்லாத சுற்றை எழுதியது அதுதான் முதல் தடவை.

அந்த விளையாட்டுக்குப் பிள்ளைகள் கிரிவலம் என்று பெயர் வைத்தார்கள். சத்தம் குட்டையை வலம் வரும். பிள்ளைகள் அதோடு ஓடுவார்கள். யார் அதை முந்திப்போய் அடுத்த தவளையின் கண்ணை மூடுகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். முதலில் யாராலும் முந்த முடியவில்லை. பிறகு பொன்னி குட்டைக்குக் குறுக்கே ஓடலாம் என்று கண்டுபிடித்தாள். குறுக்கே ஓடுவது கிரிவலம் இல்லை என்று சடையன் சண்டை போட்டான். அந்த வழக்கு இரண்டு நாள் நடந்து, குறுக்கே ஓடுகிறவர்கள் ஒற்றைக் காலில்தான் ஓட வேண்டும் என்று தீர்ப்பானது.

ஆனி மாதம் தசரதன் போன் செய்தார். கீழ்பென்னாத்தூரில் அக்கா வீட்டுக் காதுகுத்துக்கு வருவதாகவும், அப்படியே வந்து சாமானைப் பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். கடைசியில் எத்தனை விளையாட்டு தேறியது என்று கேட்டார். அருணாதேவி உள்ளதைச் சொன்னாள். விளையாட்டு ஒன்றும் உள்ளே இல்லை, பிள்ளைகளே செய்துகொள்கிறார்கள் என்றாள்.

"அருணா, கடைக்காரன் டப்பாவைத் திருப்பிப் பாத்து எத்தனை கேமுனு கேப்பான். நான் இன்னா சொல்றது?"

அவர் கோபிக்கவில்லை, வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் வந்த அன்று சாயங்காலம் வெயில் தணிந்திருந்தது. காதுகுத்து விருந்து சாப்பிட்ட களைப்போடு, பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜோதியம்மாள் கடை ஸ்டூலில் கனமாக உட்கார்ந்தார். ஜோதியம்மாள் மோர் கொடுத்தாள். பிள்ளைகள் எட்டுத் தவளைகளையும் குட்டையைச் சுற்றி வைத்தார்கள். கவிநிலா சிவப்பை ஆட்டினாள். சத்தம் கிளம்பியது. இரண்டாவது சுற்று வரும்போது புளியமரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது.

அந்தப் பக்கத்தில் குரங்குக்குக் குறைச்சல் இல்லை. தேங்காய் மூடியும் வாழைப்பழமும் பறிகொடுத்துப் பறிகொடுத்து எல்லோருக்கும் பழக்கம். இது நேராக வந்து, ஆரஞ்சு நிறத் தவளையைப் பழம் என்றே நினைத்ததோ என்னவோ, கையால் இறுகப் பொத்தித் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மஞ்சள் கத்தியது. அதற்கடுத்து ஆரஞ்சு இருந்த இடத்தில் வெறும் மண். வட்டம் அறுந்து, குட்டை நிசப்தமானது.

தசரதன் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். போய் ஏதாவது செய்ய வேண்டும் என்று அருணாதேவி ஓர் அடி எடுத்து வைத்தாள். அதற்குள் பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பொன்னி மஞ்சளை நோக்கி ஓடி அதன் வெள்ளைப் பட்டனை அழுத்தினாள். கவிநிலா பச்சையைக் கத்த வைத்து மஞ்சளைக் கூப்பிட்டாள். சடையன் ஆரஞ்சுக்கு அப்பால் இருந்த வெள்ளைத் தவளையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் பட்டனை அழுத்திவிட்டு, அதே ஓட்டத்தில் திரும்பக் கொண்டுபோய் வைத்தான். இனிமேல் மஞ்சள் நேராக வெள்ளையைக் கூப்பிடும். அறுந்த இடத்தைத் தாண்டி முடிச்சுப் போட்டாகிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

சிவப்பை மறுபடி ஆட்டினார்கள். நீலம், பச்சை, மஞ்சள். மஞ்சள் கத்தியதும் வெள்ளை கத்தியது. கூடவே மரத்தின் உச்சியிலும் ஒரு கத்தல் கேட்டது.

மஞ்சள் பழைய பாடத்தை மறக்கவில்லை. அது ஆரஞ்சையும் கூப்பிட்டது. குரங்கு, கையிலிருந்த பழம் திடீரென்று பேசியதில் கிளையில் விறைத்து உட்கார்ந்தது. டப்பாவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தது, முகர்ந்தது, மூடியைக் கடித்தது. சத்தம் குட்டையை இன்னொரு சுற்று வந்தது. பிள்ளைகள் ஓடாமல் நின்று மேலே பார்த்தார்கள். மஞ்சள் கத்தியது. மரத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"கையால கண்ணை மூடினு இருக்குது" என்றாள் பொன்னி. "இரு, எடுக்கும்."

அடுத்த சுற்றில் குரங்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தொடையைச் சொறிந்துகொண்டிருந்தது. மஞ்சள் கூப்பிட்டதும் மடியில் தவளை வாய்விட்டுக் கத்தியது. குரங்கு அதை விட்டெறிந்துவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவியது. ஆரஞ்சுத் தவளை இரண்டு கிளையில் மோதிப் புழுதியில் விழுந்தது. சடையன் ஓடிப்போய் எடுத்து ஊதித் துடைத்து, அது இருந்த இடத்திலேயே வைத்தான். மூடியில் பல் பட்ட தடம் இருந்தது. மற்றபடி ஒன்றுமில்லை.

தசரதன் ஸ்டூலை விட்டு எழுந்திருந்தார். எப்போது எழுந்தார் என்று அருணாதேவி கவனிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு, பொன்னியைக் கூப்பிட்டார். நடந்ததை அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டார். அவள் மஞ்சளைக் கையில் எடுத்து, எது நடந்தால் எது கத்தும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, தான் சொன்னது தப்பு என்று தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், இதில் மொத்தம் எத்தனை விளையாட்டு இருக்கிறது என்று அவளிடமும் கேட்டார்.

பொன்னி அவரைக் கொஞ்சம் விசித்திரமாகப் பார்த்தாள். "இன்னும் முடியலயே சார்" என்றாள்.

அவர் அன்றைக்கு எந்த முடிவும் சொல்லவில்லை. அருணாதேவியின் நோட்டை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார். எட்டு நாள் கழித்துப் போன் வந்தது. நோட்டை இரண்டு தரம் படித்தாராம். முதலில் முந்நூறு டப்பா செய்து பார்க்கலாம் என்றார். சோப்பு டப்பாவை விட்டுவிட்டு நல்ல கூடு ஒன்று வார்க்கலாம், ஆனால் குரங்கு கடித்தாலும் உடையக் கூடாது என்றார். கிரிவலம் மட்டும் அட்டையில் போடலாமா என்று கேட்டுவிட்டு, வேண்டாம் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

கடைகளில் அது அவ்வளவாகப் போகவில்லை. அவர் பயந்தது போலவே கடைக்காரர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார்கள். பின்பக்கத்தில் பட்டனை எப்படி அழுத்துவது என்று நான்கு வரி மட்டும் இருந்தது. பலர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். வாங்கினவை பள்ளிக்கூடங்கள்தான். விளையாட்டு வாத்தியார் ஒருவர் பார்த்து இன்னொருவரிடம் சொல்லி, அவர் வேறொருவரிடம் சொல்லி, மெதுமெதுவாக நகர்ந்தது. அடுத்த வருடம் தைக்குள் இன்னொரு ஐந்நூறு செய்ய வேண்டி வந்தது. பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது. அருணாதேவிக்கு அது போதுமாக இருந்தது. அவளுடைய கரடிகள் சென்னையில் ஆயிரக்கணக்கில் போயிருக்கின்றன. வாங்கின பிள்ளை அதை வைத்து என்ன செய்தது என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. இதற்குக் கடிதம் வந்தது. கோடு போட்ட தாளிலும், கணக்கு நோட்டில் கிழித்த பக்கத்திலும், தாங்கள் செய்த விளையாட்டைப் படம் போட்டு எழுதி அனுப்பினார்கள்.

கவிநிலாவும் பொன்னியும் சேர்ந்து அந்தக் கடிதங்களைப் படிப்பார்கள். பௌர்ணமிக்கு ஜோதியம்மாள் கடையில் கூட்டம் நெரியும் என்பதால் அன்றைக்குப் பொன்னி வேங்கிக்கால் வீட்டுக்கு வந்துவிடுவாள். புரியாத விளையாட்டு வந்தால் மாடியில் விளையாடிப் பார்ப்பார்கள். ஆள் பற்றாமல் போனால் சரவணகுமாரை இழுத்துக்கொள்வார்கள். ஆபீஸ் கசங்கல் போகாத சட்டையோடு அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நிற்பதைக் கீழே துணி காயப்போடும்போது அருணாதேவி பார்த்திருக்கிறாள்.

மாசியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். ஆட்டுக்குட்டி ஒன்றின் கழுத்தில் தவளையைக் கட்டிவிட்டார்களாம். குட்டி துள்ளும்போதெல்லாம் கடலைக்காட்டில் வெவ்வேறு இடத்தில் வைத்திருப்பதில் குட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தவளை கத்தும். எது கத்துகிறதோ அங்கே ஓட வேண்டும். விளையாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் மற்றத் தவளைகள் கூப்பிடும்போது கழுத்தில் இருக்கும் தவளையும் கத்துவதால் குட்டி பயப்படுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறது. ஆகவே அந்த ஒரு தவளை மட்டும் சத்தம் போடாமல் விளக்கு மட்டும் காட்டும்படி நாங்களே சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கீழே எட்டுப் பேர் கையெழுத்து. ஒன்பதாவதாக ஆட்டுக்குட்டியின் குளம்பை மையில் தோய்த்து அச்சு வைத்திருந்தார்கள்.

பொன்னி கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, அது முடியுமா என்று கேட்டாள். அருணாதேவி ஒரு தவளையைக் கையில் எடுத்துத் திருப்பினாள். வெள்ளைப் பட்டனை ஒரு தரம் அழுத்துவதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. இரண்டு தரம் அழுத்துவதற்கு இதுவரை எந்த அர்த்தமும் இல்லை. அதைச் சொல்லிவிட்டு, பெண்கள் இருவரும் உட்கார இடம் விட்டு மேசையின் ஓரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தாள்.